பச்சை வளையல்

வளைகாப்பு அன்று நாத்தனார் போட்டுவிட்ட வளையல் அது. கண்ணாடி வளையல்களோடு அதையும் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்றார்கள். உடம்பு ஓய்வு கேட்டால் அந்த வளையல் சிவக்கும். இல்லாவிட்டால் பச்சையாக இருக்கும். நாள் நெருங்கிவிட்டது, மதிவதனியின் கையில் அது ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்தாலும் தூக்கம் வரவில்லை. துவைத்த துணியை மாடியில் காயப்போட வாளியோடு கிளம்பியவள், இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, இன்னைக்கு என்னால முடியலைங்க."

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். "பச்சையாத்தான கண்ணு இருக்குது. வெயில் ஏறறதுக்குள்ள போட்டுட்டு வந்துரு."

மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு வளையலை இழுத்தாள். வீங்கிய கையை விட்டு அது வரவில்லை.

அப்போதுதான் கணவன் சுகந்தன் ஷட்டில் ஆடிவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தான். "அம்மா, செம டயர்டு."

மாமியார் மோர் எடுக்க ஓடினார்.

மதிவதனி கைப்பிடியைப் பிடித்து எழுந்து வந்தாள். அவன் கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"கலரைத் தேடறேன். உங்களுக்கு மட்டும் வாயில சொன்னாப் போதுங்களா?"

ஈரத்துணி வாளியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். மாமியார் நீட்டிய டம்ளரைத் தானே வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள். காலி டம்ளரை ணங்கென்று மேசையில் வைத்தாள். பழக்க தோஷத்தில் மாமியாரின் கண் அவள் மணிக்கட்டுக்குத்தான் போனது.

வளையல் பச்சையாகவே இருந்தது.