நீல உறைக்குள் இருந்த டிஸ்க்

"பாத்து, சுவத்துல இடிச்சிடப் போகுது" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், மாப்பிள்ளை அந்தப் பெரிய டிவியை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டார்.

அவர் டிவி ஷோரூமில் மேனேஜர். மாமனாருக்கென்று தானே எச்.டி. டிவியும் புது டிஸ்க் பிளேயரும் கொண்டுவந்திருந்தார்.

பழைய டிவி தரையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது. அதில் வந்தவர்கள் எல்லாருக்குமே கொஞ்ச காலமாக மஞ்சள் காமாலை.

"இனிமே நியூஸ் வாசிக்கிற பொண்ணு முகத்துல பரு இருந்தாக்கூடத் தெரியும் மாமா."

அப்பா சிரித்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது என்று, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"மேட்ச் ஓடுது. போடட்டுமா?"

"இருங்க மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்."

அப்பா அறைக்குள் போய் அலமாரியைத் திறந்து, ஒரு நீல உறையோடு திரும்பி வந்தார்.

மூத்தவள் தன் குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கொண்டாடியபோது வீடியோ எடுத்தவர் இரண்டு டிஸ்க் கொடுத்திருந்தார். ஒன்று சாதாரணமானது. பார்த்துப் பார்த்து அது கீறல் விழுந்து திக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று நீல உறையில் இருந்த, படம் துல்லியமாகத் தெரியும் ப்ளூரே. பழைய பிளேயர் அதை விழுங்கிய வேகத்தில் துப்பிவிடும்.

அந்தப் பிறந்தநாள் நடந்த மாதமே மூத்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள்.

செய்தி வந்தபோது அப்பா வண்டியில் இருந்தார். பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனார். தலையில் அடித்துக்கொண்டு அழுத மாப்பிள்ளையை அங்கே தாங்கிப் பிடித்தவரும் அவர்தான்.

"இப்ப எதுக்கு மாமா அது? அத்தை அழுவாங்க" என்றார் மாப்பிள்ளை.

"அழுதா அழுதுட்டுப் போறேன். போடுங்க" என்றாள் அம்மா.

புது பிளேயர் டிஸ்க்கைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

பழைய டிவியில் மூத்தவளின் முகம் வெறும் வெளிச்சக் கறை. இப்போது ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஓரம் உடைந்த முன்பல் தெரிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, கேமராவைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டது தெரிந்தது.

அம்மா நகர்ந்து நகர்ந்து திரைக்குக் கீழேயே போய் நின்றுவிட்டாள்.

"நானு!" என்று மடியிலிருந்த குழந்தை திரையைக் காட்டியது.

மூத்தவள் கேக் வெட்டினாள். ஊட்டினாள். யாரோ பலூன் கேட்க, எம்பிக் கையை உயர்த்தினாள். தொளதொளத்த சட்டைக் கை தோள்வரை சரிந்தது.

அப்பா ரிமோட்டை அழுத்தினார்.

பழைய டிவியில் நிறுத்தினால் படம் நடுங்கும். இதில் நடுங்கவில்லை.

மேல்கையில், அப்பியிருந்த பவுடருக்கு அடியில், வரிசையாக நான்கு நீலத் தடங்கள்.

எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். சாதாரண டிஸ்க்கில் அங்கே ஒரு மங்கலைத் தவிர எதுவும் இருந்ததில்லை.

"அது என்ன மாப்பிள்ளை, கையில?"

"நிழல் மாமா. பலூன் நிழல்."

திரையில் இருந்த கை ஏறக்குறைய அசல் கையின் அளவு. அம்மா தன் நான்கு விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் போதவில்லை. ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் நீலம் மிச்சமிருந்தது.

அவள் திரும்பி மாப்பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார்.

"நேரமாச்சு. கிளம்பு" என்றார் சின்னவளிடம்.

தாயில்லாத குழந்தைக்குச் சித்தியைவிட வேறு யார் ஒத்து வருவார்கள் என்று ஊரே சொன்னது. அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. போன வருஷக் கடைசியில், இதே கூடத்தில், சின்னவளின் கையையும் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

அவள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ சொல்லும்மா" என்றார் அப்பா.

அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நிழல்தாம்பா."

அப்பா அந்தச் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து, அவளுடைய செருப்பையும் குழந்தையின் குட்டிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்தார்.

மாப்பிள்ளையின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.