பாரிஸ்டரிடம் மறைக்கக்கூடாது

நார்மன் மறுபடியும் தேநீரைச் சிந்திவிட்டார்.

“ஒரு கோப்பையை ஒழுங்காப் பிடிக்கத் துப்பில்லை,” என்றாள் அவர் மனைவி பெரில். “நாப்பது வருஷமா இதைத்தான் கூட இழுத்துக்கிட்டு அலையறேன்.”

லண்டனில், பாரிஸ்டர்கள் அலுவலகத்தின் வரவேற்பறையில் இருந்தார்கள். கூட வந்திருந்த அவர்கள் ஊர் வக்கீல் டோபி கைக்குட்டையை எடுத்து நீட்டினான். வழக்கைத் தயார்செய்வதுதான் அவன் வேலை. நீதிமன்றத்தில் நின்று வாதாடப்போவது உள்ளே இருக்கும் பாரிஸ்டர், ரோவீனா ஹார்க்னெஸ்.

ஆட்டுப்பட்டிக் கதவுக்கான ஒரு தாழ்ப்பாளுக்குப் பெரில் காப்புரிமை வாங்கியிருந்தாள். இரண்டு கையிலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முழங்காலால் தட்டித் திறந்துவிடலாம். ஆடு முட்டினால் திறக்காது. நார்மனின் தம்பி கீத் அதே தாழ்ப்பாளைத் தன் பட்டறையில் செய்து விற்றான். நஷ்டஈடாக அந்தப் பட்டறையையே பிடுங்கிக்கொள்ளத்தான், வீட்டை அடமானம் வைத்து வழக்குப் போட்டிருந்தாள் பெரில்.

“கீத் குடும்பத்தோட தெருவில நிக்கணும். அதைப் பார்த்தாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்,” என்று ரயிலில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா இல்லாத அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நார்மன். பெரில் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

“உள்ளே போனதும் எதையும் மறைக்காதீங்க,” என்றான் டோபி. “நமக்கு ஆகாத விஷயமா இருந்தாலும் சொல்லிடணும்.”

“ஆகாத விஷயமா இருந்தாலுமா?” என்று கேட்டார் நார்மன்.

“முக்கியமா அதைத்தான் சார். நாளைக்கு எதிராளி வாயால கேட்டு பாரிஸ்டர் திகைச்சு நிக்கக்கூடாது பாருங்க. ஆனா ஒண்ணு, அவங்க காதில விழுந்தா விழுந்ததுதான். அப்புறம் கோர்ட்ல அதுக்கு மாறாப் பேச மாட்டாங்க.”

நார்மன் மெதுவாகத் தலையாட்டினார்.

“உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்?” என்றாள் பெரில். “பையைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உட்காரு. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.”

உள்ளே ரோவீனாவின் மேஜைமேல் தாழ்ப்பாள் கிடந்தது. அவள் அதை எடுத்துப் பெரிலிடம் கொடுத்தாள்.

“உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எப்படிப் பழைய இடத்துக்குத் திரும்பி வருது? கொஞ்சம் விளக்குங்களேன்.”

பெரில் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “நார்மன், நீ சொல்லு. இன்னிக்காவது பிரயோஜனமா இரு.”

நார்மன் சொன்னார். பாகம் பாகமாகப் பிரித்து, திரும்பவும் மாட்டிக் காட்டினார். ஒரு திருகுகூடக் கீழே விழவில்லை.

“காப்புரிமை உங்க ஒருத்தர் பேர்லதானா?” என்று பெரிலைக் கேட்டாள் ரோவீனா.

“எல்லாமே என் பேர்தான். வீடு, நிலம், ஓட்டற வேன் வரைக்கும். இந்த மனுஷன் பேர்ல வச்சா கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிப்பார்.”

ரோவீனா சிரிக்கவில்லை. “வழக்கு நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. உங்களுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுட்டதா கீத் சொல்றார். ஆனா அதுக்கு அவர்கிட்ட அத்தாட்சி இல்லை. நம்மகிட்ட பழைய ஆதாரம் ஏதாவது இருக்கா?”

நார்மன் பையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். விவசாயக் கண்காட்சியில் எடுத்தது. கூட்டத்துக்கு நடுவே பெரில் இந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றாள்.

“அட, இது உன்கிட்டயா இருந்தது?” பெரிலின் முகம் மலர்ந்தது. “என்ன கூட்டம் தெரியுமா அன்னிக்கு? வந்தவங்க எல்லாருக்கும் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டினோம். கீத் அப்ப இதைக் கனவுலகூடப் பார்த்திருக்க மாட்டான்.”

படத்தில் அவள் தலைக்குமேல் தொங்கிய துணியில் வருஷம் பெரிதாக எழுதியிருந்தது. ரோவீனா அதைப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“நீங்க காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது இதுக்கு அடுத்த வருஷம்தானே?”

“ஆமா, ஏன்?”

“புதுசா இருந்தாத்தான் காப்புரிமை. விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் பிரிச்சுக் காட்டிட்டா அது புதுசு இல்லை. காட்டினது நீங்களே ஆனாலும் சரி. உங்க காப்புரிமை செல்லாது.”

பெரில் படத்தைப் பறிக்கக் கையை நீட்டினாள். “அப்ப இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே,” என்றாள் ரோவீனா, படத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு. “எதிர்த்தரப்புக்கும் இதைக் காட்டியே ஆகணும். வழக்கை வாபஸ் வாங்கிடுங்க.”

டோபிக்கு முகம் வெளுத்துவிட்டது. “வாபஸ் வாங்கினா கீத்தோட வழக்குச் செலவும் நம்ம தலையிலதான் மேடம். அடமானம் வச்ச வீட்டை மீட்கவே முடியாது.”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. படியிறங்கியதும் பெரில் நார்மனின் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“மடையா, குடியிருக்கிற வீடே போகப்போகுது. நீ என்ன பண்ணிட்டேன்னு உனக்குப் புரியுதா?”

நார்மன் கோட்டை விடுவித்துக்கொண்டு, பையை அவள் கையில் கொடுத்தார்.

“எனக்கென்ன பெரில், எல்லாம் உன் பேர்லதானே இருக்கு.”