4118ஆவது வரி

“அழிச்ச செய்தி போய் விழற குப்பைத்தொட்டியிலயும் இல்ல சார். யாரோ அதையும் சேர்த்துத் துடைச்சிருக்காங்க” என்றாள் அவள். கதவு சாத்தியிருந்தும் வராந்தா வரை கேட்டிருக்கும்.

விசாரணை அதிகாரி சுவர்த் திரையைப் பார்த்தார். தொழிற்சாலை முழுக்க ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலியின் தரவுத்தளம் அதில் விரிந்திருந்தது. அதைக் கட்டிக் காப்பதுதான் அவளுடைய வேலை.

“பிரஸ் மெஷின் ஷிப்ட் குழுவுல 4117ஆவது செய்தி இருக்கு, 4119 இருக்கு. நடுவுல ஒண்ணைக் காணோம். எண் தானா விழும் சார், தானா காணாமப் போகாது. எங்க அண்ணன் கடைசியா எழுதினது விபத்து அன்னிக்குக் காலைல ஆறு அம்பத்திரண்டுக்குன்னு அவர் கணக்கு காட்டுது, அந்த வரியைத்தான் காணோம். ஒன்பதரைக்கு மெஷின் வலது கையை வாங்கிடுச்சு.”

மூலை நாற்காலியில் அண்ணி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அண்ணன் நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை.

பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் ஓடவே கூடாத மெஷின் அன்றைக்கு எப்படி ஓடியது? அதுதான் கேள்வி. கையை வெளியே எடுக்கிற அவசரத்தில் கூட இருந்தவர்கள் ஒயர்களையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டதால் மெஷினைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. குழுவில் இருந்த ஆறு பேரையும் அவள் தனித்தனியாகக் கேட்டுவிட்டாள். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை.

“எழுத்துல எதுவும் இல்லாட்டி மெஷின் கோளாறுன்னு முடிச்சிடுவோம்மா” என்றார் அதிகாரி. “உங்க அண்ணனுக்கும் உள்ளேயே உக்காந்து பாக்கற வேலை ஒண்ணு கிடைக்கும்.”

“அதுவே போதுமேம்மா” என்றார் பக்கத்தில் இருந்த அவளுடைய மேலாளர். “மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவருக்கு அவளுடைய பிரிவில் ‘அப்புறம் சார்’ என்றே பெயர். பெரிய ஒரே கிடங்காக இருந்த தரவுத்தளத்தைப் பிரிவுவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று அவள் கரடியாகக் கத்தியபோதும் எட்டு மாதம் ‘அப்புறம்’தான் சொன்னார்.

“வாயை அடைக்க ஒரு நாற்காலியா சார்? மெஷின் கதவு கெட்டுப்போச்சுன்னு எங்க அண்ணன் எழுதியிருப்பாரு. அதைப் படிச்சுட்டுச் சும்மா இருந்தவன் மட்டும் ஜம்முனு வீட்டுக்குப் போவானா?”

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் அண்ணன் அந்த மெஷின் முன்னால் போய் நின்றது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் படித்தது எதற்கு?

“பழைய பிரதியிலேருந்து எடுத்துடலாம். விபத்து அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு எடுத்த பிரதி இருக்கு” என்றாள்.

“அது பழுதாகியிருக்கும்மா” என்றார் மேலாளர் அவசரமாக.

“வாராவாரம் நானே திறந்து ஓட்டிப் பாக்கறேன் சார். பழுதெல்லாம் இல்ல.”

“எல்லாரோட வேலையும் நாலு நாள் பின்னால போயிடும்…”

“அதுக்குத்தானே பிரிச்சு வெச்சேன்? பிரஸ் பிரிவை மட்டும் தனியா ஒரு சோதனைக் கணினியில இறக்கப்போறேன். யாரோட வேலையும் போகாது.” அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பினாள். “குப்பைத்தொட்டியைக் காலி பண்ற உரிமை இந்த ஆலையிலயே நம்ம ரெண்டு பேருக்குத்தான். நான் பண்ணல. எந்தப் பெரிய மனுஷன் சொல்லி நீங்க பண்ணீங்க?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டதை அவள் திருப்தியோடு பார்த்தாள்.

அவள் பிரதியை இறக்க ஆரம்பித்தாள். முப்பது சதவீதம். அறுபது. “விட்டுடும்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்” என்றார் மேலாளர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் திரும்பவில்லை. அண்ணி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டு. நூறு. அவள் தேடல் கட்டத்தில் 4118 என்று அடித்து, அதிகாரிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினாள்.

அனுப்பியவர் இடத்தில் அண்ணனின் பெயர். நேரம் ஆறு ஐம்பத்திரண்டு.

‘கதவு சென்சாரை நானே ஒயர் வெச்சு கட்டிட்டேன். இனிமே திறந்து வெச்சே ஓட்டலாம், எண்ணிக்கை சீக்கிரம் முடியும். சூப்பர்வைசர்கிட்ட யாரும் மூச்சு விடாதீங்கடா.’

தோளில் இருந்த அண்ணியின் கை நழுவி விழுந்தது. அவள் விசைப்பலகைக்கு மேல் விரல்களை வைத்தபடியே இருந்தாள். அழுத்துவதற்கு அங்கே ஒரு விசையும் இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்தார். “பாதுகாப்புக் கருவியில கை வெச்சா நேரா வேலைநீக்கம். எழுத்துல வந்துடுச்சே, நான் என்னம்மா பண்ண முடியும்?”

அவள் மெல்லத் திரும்பினாள். மேலாளர் கண்ணாடியை இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை.

“இதுக்குத்தாம்மா அழிச்சேன்.”