கோட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

"மறுபடியும் கட்டம் கட்டமாத்தான் சார் வருது" என்றாள் மஹீரா.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். வரைபடம் என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. இடது பக்கம் உச்சியில் தொடங்கி, வலது பக்கம் சரிந்து இறங்கும் ஒரு நீலக் கோடு. தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மஹீராவின் வாப்பா நடத்தும் கம்ப்யூட்டர் கடை அது. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, பரீட்சை ரிசல்ட் என்று ஓடுகிற கடை. அங்கே அணு ஆராய்ச்சியில் இருந்து ரிடையரான ஒருவர் காலையிலேயே வந்து, வரைபடம் போடும் சாஃப்ட்வேரைத் தானே ஏற்றிவிட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொண்டால் எரிச்சல் வருமா வராதா? ஆபீசில் பழைய ஆட்களிடம் கேட்டால் நொடியில் போட்டுத் தருவார்களே என்று சொல்லிப் பார்த்தாள். அங்கே ஆளாளுக்கு எட்டிப் பார்த்து விசாரிப்பார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவளுடைய எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அவர் மனைவி தெய்வநாயகிக்கு வயிற்றில் கட்டி. மாதக்கணக்கில் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த அம்மாள், எல்லாம் வீண், இனி ஊசியே வேண்டாம் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. மகன் போனில் அழுதும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அடுத்த ஊசி. அதை விட்டால் இதுவரை போட்டதெல்லாம் பாழ்.

அதற்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அது அந்த வீட்டு வழக்கம். கரண்ட் செலவோ, பையன் மார்க்கோ, எதுவானாலும் லக்ஷ்மிநாராயணன் வரைபடம் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுவார். அவர் வாய் பொய் சொன்னாலும் அவர் போட்ட கோடு பொய் சொல்லாது என்பது தெய்வநாயகியின் கட்சி.

"இங்கிலீஷ்ல எழுதிட்டு நீங்க என்ன வேணா சொல்லுவீங்க, நானே படிக்கிற மாதிரி கொண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்னுட்டா" என்றார்.

பேனாவால் எழுதிவிடலாமே என்றாள் மஹீரா. கையெழுத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவாள், மற்ற வரைபடங்களைப் போலவே மெஷினில்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சரி என்று இருவரும் மல்லுக்கட்டினார்கள். ஒரு எழுத்துருவை மாற்றினால் கட்டம் வந்தது. இன்னொன்றை மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு நின்றது. பாவம், அணுவையே ஆராய்ந்த மனுஷர், ஒரு வரித் தமிழை வரவழைக்க முடியாமல் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய எழுத்துருவைக் காட்டி, அது இருக்கும் இடத்தையும் சொல்லிக் கொடுத்தபோது தலைப்பு தமிழானது. பக்கவாட்டில் பழைய கட்டமேதான். அந்த சாஃப்ட்வேர் சம்பந்தி வீட்டார் மாதிரி. தலைப்புக்குத் தனியாக, பக்கத்துக்குத் தனியாக, ஒவ்வொன்றுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும்.

நடுவில் ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு மேலே துள்ளிக்கொண்டிருந்தது.

"இது ஒண்ணு மட்டும் ஏறிகினு கீது சார். கொஞ்சம் கீழ எறக்கிடவா? பார்க்க அயகா இருக்கும்."

"தொடாதே" என்றார் லக்ஷ்மிநாராயணன். குரல் கடுத்திருந்தது. "என் சர்வீஸ்ல ஒரு புள்ளியைக்கூட நான் நகர்த்தினது கிடையாது."

மஹீராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

பக்கவாட்டு எழுத்துக்கும் எழுத்துருவைச் சொன்னார்கள். சோதனைக்கு அவள் அடித்த 'தமிழ்' என்ற சொல், கோட்டின் இடது பக்கத்தில் குத்திட்டு, அட்சரம் பிசகாமல் வந்து நின்றது. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"அறுபதுக்கு மேலேர்ந்து நாப்பதுக்குக் கீழ வந்துட்டுதே சார். அல்லா கண்ணத் தொறந்துட்டான். அம்மா இத்தப் பார்த்தாங்கன்னா எய்ந்து ஒக்காந்துடுவாங்க" என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. வயசான காலத்தில் பெண்டாட்டி பிழைத்து வருகிறாள் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது என்று நினைத்து, அவள் பார்க்காதவள்போல் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இனி நிஜப் பெயரை எழுதவேண்டியதுதான் பாக்கி. என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

"'கட்டியின் அளவு'ன்னு போடும்மா. எழுத்து பெரிசா இருக்கட்டும். படுத்துக்கிட்டே படிக்கணும் அவ."

மஹீரா அடித்தாள். எழுத்தின் அளவை இரண்டு மடங்காக்கினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் தூரத்திலிருந்தே தெரியும்போல் அது வந்தது.

"சும்மா அளவுன்னு உட்டா எப்டி சார்? சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா?"

அவர் விரல் திரையில் அந்தக் கோட்டின் உச்சியில் தொடங்கி அடிவரை இறங்கியது.

"மில்லிமீட்டர்னு போடும்மா" என்றார். "கிலோன்னு இருக்கிறபடியே போட்டா, அது தன்னோட எடைன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."