சவுக்குத்தோப்பில் ஒரு குகை

மூன்றாவது சவுக்கு மரத்தைத் தாண்டும்போது ஆல்வினின் முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டர் கிளையில் இடித்து 'டங்' என்றது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தெருவே சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. குகைக்குள் இருப்பவன் சிரிக்கக் கூடாது.

மரத்துக்கு மரம் கட்டிய வெள்ளைக் கயிற்றை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தபடி, மணலில் முட்டி போட்டு நகர்ந்தான். முகத்தில் முக்குளிக்கும் கண்ணாடி. அதன்மேல் கறுப்பு டேப். ஒட்டிவிட்டு, மரத்தடியில் செல்போனோடு நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி ரெஜினா.

நாற்பத்திரண்டு வயசில், பட்டப்பகலில், ஊர் பார்க்க ஒரு மனுஷன் இப்படித் தவழ்வதற்கு ஆஸ்திரியாவில் இருக்கும் ஒரு குகைதான் காரணம்.

மலை ஏரிக் கரையில், சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீரே அரித்து அரித்து உண்டாக்கிய குகை. கூரைவரை தண்ணீர். உள்ளே எவ்வளவு தூரம் போகிறதென்று யாருக்கும் தெரியாது.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்காகக் கடலுக்கடியில் போட்ட குழாய்களில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது ஆல்வினின் வேலை. லீவு நாளில் மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப் போவான். அப்படி வந்த ஒருவர்தான், குகையைத் தேடிப் பார்க்கும் எங்கள் குழுவோடு வருகிறாயா என்று கேட்டார். இவன் யோசிப்பதற்குள் இவன் வாய் 'ஓகே சார்' என்றுவிட்டது.

ஒரே நிபந்தனை. குகையில் தண்ணீர் கலங்கிக் கண் தெரியாமல் போனால், கயிற்றைப் பிடித்தே வெளியே வரத் தெரிய வேண்டும். முதலில் அதைத் தரையில் செய்துகாட்டி வீடியோ அனுப்ப வேண்டும்.

வீடியோ எடுப்பதற்கு முன்னாலேயே மச்சான் பூபாலன் திருக்கழுக்குன்றம் ரோட்டில் பேனர் வைத்துவிட்டான். 'ஆல்ப்ஸை ஆளப் போகும் அண்ணனே!' பின்னால் பனிமலை, பக்கத்தில் ஒரு சுறா. குகையில் சுறா ஏதுடா என்றதற்கு, சும்மா கெத்துக்கு என்றான்.

சபையில் ஜெபம் பண்ணினார்கள். வேலை செய்யும் இடத்தில் கேக் வெட்டினார்கள். இதற்குமேல் 'நான் போகவில்லை' என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது.

போன மாசம், தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கல்குவாரியில் பயிற்சிக்கு இறங்கினான். பாறைக்கு அடியில் ஒரு பொந்து. நுழைந்தான். கடலில் எவ்வளவு ஆழம் போனாலும் தலைக்குமேல் வானம் உண்டு. அங்கே நிமிர்ந்து பார்த்தால் பாறை.

கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வெளியே வந்தான். பயம்தான். கரையில் நின்றவர்களிடம் வால்வு கோளாறு என்று சொல்லிவைத்தான்.

ஆறாவது மரத்தில் கயிறு சட்டென்று தொய்ந்தது. ரெஜினா ஒரு முனையை அவிழ்த்துவிட்டாள். பரீட்சையே அதுதான். கயிறு அறுந்தால் பதறக் கூடாது. இடுப்பிலிருக்கும் சின்னக் கயிற்றுச் சுருளை எடுத்து, அசையாத ஒரு பாறையில் முடிச்சுப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் துழாவி, மீதிக் கயிற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நல்ல மரம் ஒன்று இருந்தது.

ஆல்வின் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் வலது பக்கம் தவழ்ந்தான்.

அங்கே அகலமாக, சொரசொரப்பாக ஒன்று. லேசான சூடு. வெயிலில் கிடக்கும் பாறை என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். வாகாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான்.

பாறை பெருமூச்சு விட்டது.

பிறகு எழுந்து நின்றது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் எருமைக்கு அது குட்டைக்குப் போகிற நேரம். சுருள் கிறுகிறுவென்று சுழன்று தீர்ந்தது. தீர்ந்ததும் ஆல்வினும் பின்னாலேயே போனான். எது நடந்தாலும் கயிற்றை விடக் கூடாது என்பது விதி. விதியை மதிக்கிறவன் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று சிலிண்டரோடு மணலில் கோடு கிழித்துக்கொண்டே போய்ச் சேற்றில் விழுந்தான்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாளைக்கு எருமை பால் கறக்காவிட்டால் அந்த வெள்ளைக்காரன்தான் பதில் சொல்லணும் என்று கன்னியம்மா கத்திவிட்டுப் போனாள்.

எல்லாம் வீடியோவில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தக் குழுவும் இவனைத் தெருக் கிணற்றில்கூட இறக்காது. மானம் போச்சு என்று ஆல்வின் தலையில் அடித்துக்கொண்டான். கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொண்டான். பூபாலன் பேனரைக் கழற்றக் கிளம்பினான்.

தோப்பு காலியானதும் ரெஜினா ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேற்றைக் கழுவினாள். டேப்பைப் பிய்க்கவில்லை. அப்படியே தன் கண்ணில் வைத்துக்கொண்டு குட்டைப் பக்கம் பார்த்தாள்.

இடது மூலையில் டேப் ஒட்டாமல், விரல்நகம் அளவுக்கு ஒரு சந்து இருந்தது.

"இருட்டுன்னா உனக்கு மூச்சு முட்டுமேன்னு நான்தான் இத்த வுட்டு வச்சேன்" என்றாள். "எருமை நல்லாத்தான் தெரிது. கொம்புகூட தெரிது."

ஆல்வின் காதுக்குள் போன சேற்றைக் குடைந்தான்.

"பயமா கீதுன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொல்றத வுட்டுட்டு, இன்னாத்துக்குய்யா அந்த வாயில்லா ஜீவன்ல போயி கயிறு கட்டினே?"

வெயிலில் கிடந்த பாறை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் அவன் தலைமுடியிலிருந்த சாணியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பயமாத்தான் கீது ரெஜி" என்றான்.