கண்ணாடியைத் தட்டாதீர்கள்

மார்ச் 14, சனிக்கிழமை.

நேற்றைய குறிப்பில் அப்பாவின் வயது எழுபத்துமூன்று என்று எழுதியிருக்கிறேன். தவறு. எழுபத்துநான்கு. பெற்ற அப்பாவின் வயதையே தப்பாக எழுதுகிற நான்தான் நாளை அவரைப் பற்றி எல்லோர் முன்னாலும் வாசிக்கப்போகிறேன்.

பிரார்த்தனைக் கூடத்துக்கு நடந்து வர முடியாத முதியவர்களை வாராவாரம் வீடு வீடாகப் போய் வேனில் ஏற்றி வருவது அப்பாவின் வேலை. சம்பளம் இல்லாத வேலை. கண் மங்கிவிட்டதால் போன வாரம் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நாளை கூடத்தில் அவருக்குப் பாராட்டு. முதலில் நான் வாசிக்க வேண்டும். பிறகு அவரை மேடைக்கு அழைத்து நினைவுப் பரிசு கொடுப்பார்கள்.

நான் மாலையில் போகும் எழுத்துப் பயிற்சி வகுப்பின் ஆசிரியர் ஒரு வழி சொல்லித் தந்திருக்கிறார். நம் கண்ணால் பார்க்காததை எழுதினால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எனக்கு எல்லா வரியிலும் சந்தேகம். புள்ளி வைத்து முடித்தபோது தாளுக்கு அம்மை போட்டது போல் இருந்தது.

எனவே இன்று மதியம் அப்பாவையே எதிரில் உட்கார வைத்து வாசித்தேன். அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். தலையாட்டினார்.

விடிந்ததும் மாவு படிந்த சட்டையோடு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டது. கோணலாகத்தான் பின்னுவேன், அதையும் எழுது என்றார்.

மாடியில் குடியிருந்த தையல்காரரை முதுகில் சுமந்து இறக்கியது. முதுகில் ஏறியதும் அந்த மனிதர் வாயாலேயே ஹாரன் அடிப்பாராம். அப்பா கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

அடுத்த வரிக்கு வந்தேன். எல்லோரையும் வாசலில் கைபிடித்து இறக்கிவிட்டு அவர் மட்டும் வேனுக்குத் திரும்புவார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, தனியாகப் பிரார்த்திப்பார்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது தூக்கம், பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சொல்லிச் சொல்லி வியக்கும் காட்சி அது. பக்தி என்றால் அந்த வேனுக்குள் இருக்கிறதே அதுதான் என்று கூடத்தின் தலைவர் ஒருமுறை பேசியே இருக்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து நேரே வருவேன், கண் சொருகும் என்றார் அப்பா. ஓய்வு பெற்ற பிறகுமா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார்.

உள்ளே வந்தே தூங்கியிருக்கலாமே, அங்கேயும் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள் என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள வந்தா உங்கண்ணனப் பத்திக் கேக்கணும். கேட்டா சண்டையிலதான் முடியும். சாமியோட சண்டை போட்டுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்கள எல்லாம் அங்க கூட்டிட்டு வர்றது?"

அண்ணன் பதினான்கு வயதில் காய்ச்சலில் போனான். நான் அப்போது கைக்குழந்தை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அப்பா கூடத்தில்தான் பழியாகக் கிடந்தாராம். அவன் போன பிறகு அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை.

ஆனால் அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கொண்டுபோய் விட்டார். வழியில் தடியூன்றி நின்ற ஒரு பாட்டியையும் ஏற்றிக்கொண்டார். அப்படித்தான் வேன் நிறைந்திருக்கிறது.

அவர் வெளியிலாவது வேண்டிக்கொள்கிறார் என்ற நிம்மதியில்தான் அம்மா இத்தனை வருடம் உள்ளே உட்கார்ந்திருக்கிறாளாம். நாளை மேடை ஏறினால் எல்லோரையும் ஏமாற்றியது போல் ஆகிவிடும். ஏறாவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றார்.

காய் நறுக்கும் சத்தம் எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை. அம்மா ஈரக் கையோடு கதவருகே நின்றிருந்தாள்.

குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்பதைப் போலத்தான் சொன்னாள். "வேண்டிக்கிட்டு இருக்காரு, யாரும் கண்ணாடியத் தட்டாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சதே நான்தான்."

இல்லாவிட்டால் ஆளாளுக்கு வந்து எழுப்பி, உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்களாம்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சண்டைதானே? உங்களுக்கும் சேத்து நான் வாராவாரம் உள்ள போய்ப் போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நாளைக்கு எனக்கும் லீவு."

அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தாள்.

மீதியை வாசிக்கச் சொல்லி இருவரும் கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

நாளை: காலையில் வேனை நான் எடுக்க வேண்டும். எல்லோரையும் கைபிடித்து இறக்கிவிட வேண்டும். பரிசை அப்பா சார்பில் நானே வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே உன் அப்பா அம்மா என்று யார் கேட்டாலும், இருவரும் வேனில் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.