அப்பாவுக்குப் பிடித்த விரால் குழம்பு

"முடியவே முடியாதுங்க! சைவச் சாப்பாடுன்னா போடுங்க, இல்லேன்னா வேற இல்லம் பாருங்க."

செம்மொழி போட்ட போட்டில், மேசைக்கு எதிரே நின்ற வளவன் இரண்டடி பின்வாங்கினான். பாபநாசத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு அவள்தான் நிர்வாகி.

பக்கத்து நாற்காலியில் அண்ணாதுரை உட்கார்ந்திருந்தார். இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர். மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து சோதனைக்கு வருவார். சாப்பாட்டுப் பட்டியல் அவர் போட்டதுதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கோதுமை ரவை, இரவு மறுபடியும் ஓட்ஸ். நெல் விளைகிற பூமியில் வந்து ஓட்ஸ் கஞ்சி ஊற்றுகிறாரே, இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல!

"என்னம்மா பிரச்னை?" என்றார் அவர்.

வளவன் முந்திக்கொண்டான். "இன்னிக்கு எங்கப்பாவுக்கு நினைவு நாள் சார். ரெண்டாம் வருஷம். இங்க இருக்கிற பெரியவங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாம்னு வந்தேன். அப்பாவுக்கு விரால் மீன் குழம்புன்னா உசிரு. சோறும் குழம்பும் ஆக்கி வண்டியில கொண்டாந்திருக்கேன்."

"நினைவு நாளுக்கு மீனா?"

"எங்க வழக்கம் அப்படி சார். செத்தவங்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் படைக்கணும். அதைத்தான் நாலு பேருக்குப் போடணும்."

"வழக்கமெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்குங்க!" செம்மொழி விடுவதாக இல்லை. "சார் போட்ட பட்டியல்ல மீன் கிடையாது. இங்க தங்கம்மாள்னு ஒரு அம்மா பத்து நாளா ஓட்ஸைத் தொடல. எலும்பும் தோலுமா கிடக்குறாங்க. எதையாவது சாப்பிட வைங்க, இல்லேன்னா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க கேட்டே நான் மீன் போடல. உங்கப்பாவுக்காகப் போடுவேனா?"

அண்ணாதுரை நெளிந்தார். "அந்தம்மா ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?"

"அம்பது வருஷம் நடவு நட்டவ வாயில மாட்டுத் தவிட்டைக் கரைச்சு ஊத்துறீங்களேன்னு கேக்குறாங்க சார். மீன் குழம்பு ஊத்தி ஒரு பிடி சோறு போடுன்னு ஒரே அழுகை. நான் அசைஞ்சு கொடுக்கல."

"அது... பட்டியல் நிபுணர்கள் சொன்னது. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க" என்று இழுத்தார் அண்ணாதுரை.

வளவன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான். "போன வருஷம் என் சம்சாரம் பேச்சைக் கேட்டு சாம்பார் வச்சுப் படைச்சுட்டேன் சார். அப்பா கனவுல வந்து, 'எவன்டா என் மீனைத் தடுத்தவன்?'னு கேட்டார். சம்சாரம்தான்னு சொன்னேன். அந்த வாரமே அவ மாடிப்படியில உருண்டுட்டா. இன்னும் கால்ல கட்டு."

"அய்யய்யோ!"

"இந்த வருஷமும் கேப்பார் சார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. உங்க முழுப் பேரு என்னங்க சார்?"

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அண்ணாதுரைக்கு வேர்த்துவிட்டது. "என் பேரு எதுக்குப்பா இப்ப? செம்மொழி, மத்தவங்க நம்பிக்கைக்கு நாம மதிப்புக் கொடுக்கணும்மா. நினைவு நாள்னா விதிவிலக்கு உண்டு."

"வாயால சொன்னா எப்படி சார்? நாளைக்கு என் தலைதான் உருளும். எழுதிக் கொடுங்க."

'நினைவு நாள் படையல் மட்டும் அவரவர் வழக்கப்படி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் மனுஷன். அப்படியும் மனசு ஆறவில்லை. "அப்பா படம் இருந்தா காட்டுப்பா, கும்பிட்டுட்டுக் கிளம்புறேன்."

"அவருக்குப் போட்டோ எடுத்தாலே ஆகாது சார். பேரு இராஜாங்கம்."

வாசலில் வண்டியிலிருந்து அண்டாவை இறக்கி வைத்திருந்தார்கள். கரண்டியோடு ஒரு நரைத்த தலை மனிதர் பக்கத்தில் நின்றார். அண்ணாதுரை செருப்பைக் கழற்றிவிட்டு, அண்டாவைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டார். "இராஜாங்கம் ஐயா, ஏதும் தப்பா நினைச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

உள்ளே பந்தி தொடங்கியது. நரைத்த தலைக்காரர்தான் பரிமாறினார். தங்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். குழம்பு இலையில் விழுந்ததும் கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

"முள்ளு எடுத்துத் தரட்டுமா?" என்றார் அவர்.

"போய்யா! எனக்கே முள்ளு எடுக்கச் சொல்லித் தர்றியா?"

முதல் கவளம் உள்ளே போனது. பிறகு இரண்டு, மூன்று. மறுசோறு கேட்டாள். கதவோரம் நின்று பார்த்த செம்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அம்மா எங்கே போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவள் அவள். இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

வெளியே போய், கார் சாலையில் திரும்பி மறைகிறவரை பார்த்துவிட்டு வந்தாள்.

"போயிட்டாராக்கா?" என்று கேட்டான் வளவன்.

"போயிட்டார்டா தம்பி" என்ற செம்மொழி, பரிமாறிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, வாளியை வச்சுட்டு நீங்களும் வந்து உக்காருங்க."

"இரும்மா, தங்கம்மாளுக்கு இன்னொரு துண்டு வச்சுட்டு வர்றேன்" என்றார் இராஜாங்கம். "அடுத்த மாசமும் நானே விரால் பிடிச்சுத் தர்றேன், ஆனா சாகுறது உங்க மாமாவா இருக்கட்டும்!"